நிற்கும்போது சாய்கிற வண்டி

கேள்வி கேட்டவருக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், எங்கேயாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு 63 வயது, உயரம் ஐந்தடி நாலு அங்குலம். முப்பது வருஷம் 100 சிசி வண்டியிலேயே ஆபீஸ் போய்வந்தீர்கள். 2022இல் ரிட்டயர் ஆன பணத்தில், ரொம்ப நாள் ஆசையாக இருந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்தீர்கள். கடந்த எட்டு மாதத்தில் வண்டி மூன்று தடவை சாய்ந்துவிட்டது. ஒரு தடவை வீட்டு வாசல் சரிவில் பின்னால் இறக்கும்போது, ஒரு தடவை பெட்ரோல் பங்க் வரிசையில், கடைசியாகப் பழனி அடிவாரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில், அதுவும் வீட்டம்மா பின்னால் உட்கார்ந்திருக்கும்போது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. மகன் அதை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறார். "எத்தனை சிசிக்கு இறங்கினால் சரியாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இதில் சிசி இரண்டாம்பட்சமாகத்தான் படுகிறது. மூன்று தடவையும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது விழவில்லை. நிற்கும்போதோ நடக்கிற வேகத்திலோதான் விழுந்திருக்கிறது. தேனியில் மகள் வீடுவரை போய்வந்தாலும் அலுப்பே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது இதுதான்: நிற்கிற இந்த 195 கிலோ வண்டியை இந்த உடம்பு இனியும் தாங்குமா, தாங்காது என்றால் எடையை எங்கே குறைப்பது?

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 1987இலிருந்து திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போது வேலையைத் தம்பி மகன் பார்க்கிறான், நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறேன். எனக்கும் உங்கள் வயதுதான், ஒரு வருஷம் கூட. நான் டாக்டர் இல்லை. முழங்கால் ஏன் வலிக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் முழங்கால் வலிக்கிறவர்கள் எந்த வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள், எதற்கு மாறினார்கள், மாறிய பிறகு என்ன புலம்பினார்கள் என்பதை முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். வண்டி வேகம் எடுத்துவிட்டால் தன் பாட்டுக்குத் தானே நிற்கும். பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உங்கள் தோளுக்கும் காலுக்கும் அதன் எடையைச் சுமக்கிற வேலை கிடையாது. நான்குவழிச் சாலையில் பக்கத்தில் ஆம்னி பஸ் கடக்கும்போது அடிக்கிற காற்றுக்குக் கனமான வண்டி கொஞ்சம் நல்லதுகூட. வேகம் குறைந்து நடக்கிற வேகத்துக்கு வந்ததும் கணக்கு மாறிவிடும். அப்போது உங்கள் இடது கால்தான் மூன்றாவது சக்கரம்.

ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். கிளாசிக் 350 நேராக நிற்கும்போது இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளலாம். வண்டியின் எடை தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் குவிந்திருக்கிறது, ஹேண்டில் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டிகிரி சாய்ந்தால் ஹேண்டிலில் தாங்கவேண்டிய பாரம் எட்டு, ஒன்பது கிலோ. பதினைந்து டிகிரிக்கு 25 கிலோ. இருபத்தைந்து டிகிரிக்கு 40 கிலோவைத் தாண்டும். இதே இடத்தில் 112 கிலோ ஸ்ப்ளெண்டர் என்றால் 5, 15, 24 கிலோ. விழுகிற வண்டியை ஒருவர் பிடித்துவிடுகிறாரா, விட்டுவிடுகிறாரா என்பது அந்த முதல் பத்து டிகிரிக்குள் முடிவாகிவிடுகிறது. இளவட்டத்துக்கு அந்த நேரத்தில் கால் டக்கென்று போய் ஊன்றும். நமக்குக் கால் போகும், ஆனால் அரை நொடி தாமதமாகப் போகும். அந்த அரை நொடியில் 15 கிலோ 30 கிலோ ஆகிவிடும்.

இப்போது பழனிக் கதைக்கு வாருங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் 60 கிலோ என்றால், அவருடைய எடை வண்டியின் எடையைப் போலக் கீழே இல்லை, ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபத்தைந்து டிகிரி சாய்வில் அவர் ஒருவரே இன்னொரு 25 கிலோவைச் சேர்ப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆள் உட்கார்ந்த ஸ்ப்ளெண்டர், ஆள் இல்லாத கிளாசிக்கைவிட அதிக பாரம். பழனியில் நீங்கள் 100 சிசி வண்டியில் போயிருந்தாலும் தப்பித்திருப்பீர்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அங்கே மாற்றவேண்டியது பழக்கம். நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ம், ஏறு" என்று சொன்ன பிறகுதான் வீட்டம்மா ஏறவேண்டும். மண்தரை, ஜல்லி, சரிவு என்றால் அவர் முன்னாலேயே இறங்கி நடந்துவிடட்டும். நீங்கள் ஆள் இல்லாமல் நிறுத்திவிட்டு வாருங்கள். கேட்டால் கோபம் வரும், எங்கள் வீட்டிலும் வந்தது. இப்போது நான் சொல்வதற்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறார்.

பெட்ரோல் பங்கில் விழுந்ததுக்கு வயதைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷம் 100 சிசியில் ஓட்டியவர் நீங்கள். அந்த வண்டிகளில் முன்னாலும் டிரம் பிரேக், 130 மி.மீ. டிரம். அதை அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும், உங்கள் நான்கு விரலும் அப்படித்தான் பழகியிருக்கும். கிளாசிக்கின் முன் சக்கரத்தில் 300 மி.மீ. டிஸ்க். வரிசையில் நகரும்போது ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்க, பழைய பழக்கத்தில் முன் பிரேக்கை அப்படியே பிடித்தீர்கள் என்றால் வண்டி திரும்பின பக்கமே தொப்பென்று உட்காரும். சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், நடக்கிற வேகத்தில் அது உதவிக்கு வராது. இருபத்தைந்து வயசுப் பையன்களும் இப்படி விழுந்து லீவரை உடைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். மெதுவாக நகரும்போது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, பின் பிரேக் மட்டும். ஹேண்டில் நேரான பிறகு முன் பிரேக். காலியான மைதானத்தில் நாலு நாள் பழகினால் வந்துவிடும். உங்கள் கதை இப்படித்தான் நடந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் ஹேண்டில் திரும்பியிருந்த பக்கமாகவே விழுந்திருந்தால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

வாசல் சரிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் இதை யாரும் வண்டிப் பிரச்சினையாகவே பார்ப்பதில்லை. நம் ஊர்களில் தெருவை ஒவ்வொரு தடவையும் மேலே போட்டுப் போட்டு, வீட்டை அதற்குமேல் உயர்த்தி, சாக்கடைக்கு மேல் நாலடி நீளத்தில் ஒரு செங்குத்துச் சரிவைக் கொத்தனார் இழைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஓரடி உயரத்துக்கு நாலடி நீளம் என்றால், கிளாசிக்கை அதில் பிடித்து நிறுத்த 47 கிலோ பாரத்தைத் தாங்கவேண்டும். ஸ்ப்ளெண்டருக்கு 27 கிலோ. அதே சரிவை வீட்டுப் பக்கம் உள்ளே இழுத்து எட்டடி நீளமாக்கினால், கிளாசிக்குக்கே 24 கிலோதான். பழைய சரிவில் சின்ன வண்டியை இறக்குவதைவிட, புதுச் சரிவில் பெரிய வண்டியை இறக்குவது சுலபம்! இரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு நாள் கூலியும் போதும். தெருப் பக்கம் நீட்டாதீர்கள், நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல், பஞ்சாயத்தும் வரும். உள்ளே இடம் இருந்தால் ராத்திரியே வண்டியைத் திருப்பி, முகம் தெருவைப் பார்க்க நிறுத்திவிடுங்கள். பின்னால்தான் இறக்கியாகவேண்டும் என்றால், சீட்டில் உட்கார்ந்து, இஞ்சினை ஆஃப் செய்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இறக்குங்கள். கிளட்சை விட்டால் வண்டி பிடித்துக்கொள்ளும், அழுத்தினால் நகரும். பக்கவாட்டில் நின்றுகொண்டு இறக்குகிற வேலை நம் வயதில் வேண்டாம்.

வண்டியை மாற்றுவதற்கு முன்னால் இருக்கிற வண்டியிலேயே எடையையும் இறுக்கத்தையும் குறைக்கலாம். கனமான லெக் கார்டு, பக்கவாட்டில் பெட்டி மாட்டுகிற கம்பி, எப்போதோ வாங்கிப்போட்ட இரும்பு கேரியர், இவையெல்லாம் சேர்ந்து சிலருடைய வண்டியில் பத்து, பதினைந்து கிலோ ஏறியிருக்கிறது. தேவையில்லாததைக் கழற்றுங்கள். சாரி கார்டை மட்டும் தொடாதீர்கள், அது சட்டப்படியும் இருக்கவேண்டியது, வீட்டம்மாவுக்கும் வேண்டியது. பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ. டேங்க் முழுக்க நிரப்பினால் பத்து கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். உள்ளூரில் சுற்றுவதற்குப் பாதி டேங்க் போதாதா? டயரில் காத்து குறைந்தால் ஹேண்டில் களிமண்ணில் திருப்புவதுபோல இருக்கும். ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கிற பேரிங், அதாவது கோன்செட், தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். இதற்கெல்லாம் வயதைத் திட்டிக்கொண்டு இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளட்ச் கேபிளை மாற்றி, லீவருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே கை வலி பாதியாகிறது என்று சொன்னவர்கள் உண்டு. கிளாசிக்கின் சீட் உயரம் 805 மி.மீ. உங்கள் உயரத்துக்கு இரண்டு குதிகாலும் பதியாது என்று நினைக்கிறேன். நல்ல சீட் கடைக்காரரிடம் கொடுத்து நடுப்பகுதியில் ஓர் அங்குலம் ஃபோமைக் குறைத்து, தொடை வருகிற இரண்டு ஓரங்களையும் சரித்து இழைக்கச் சொல்லுங்கள். உயரத்தைவிட அகலம்தான் காலை எட்டவிடாமல் செய்கிறது, அந்த ஓரத்தை இழைத்தாலே கால் நேராகக் கீழே இறங்கும். பின் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்குகிற வேலையை மட்டும் நான் செய்துதருவதில்லை. ஸ்பீடு பிரேக்கரில் அடியில் இடிக்கும், சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று எதிர்ப்பக்கம் விழும்.

அப்புறம், செருப்பு. ரப்பர் செருப்போடு 195 கிலோவை ஊன்றிப் பிடிக்க நினைப்பதும் வழுக்கல் பாறையில் நிற்பதும் ஒன்று. கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். குதிகால் கனம் அரை அங்குலம் உயரத்தையும் கொடுக்கும்.

இவ்வளவையும் செய்த பிறகும் வண்டி பாரமாகவே இருந்தால் மாறத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் கதையைச் சொல்கிறேன். என்னிடம் பழைய புல்லட் இருந்தது, கிக்கர் வண்டி, கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, இஞ்சின் அழுத்தத்தை விடுவிக்கிற டிகம்ப்ரசரைப் பிடித்து உதைக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது ஸ்டார்ட் ஆகும் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். 57 வயதில் ஒரு காலை, அவசரத்தில் சரியாக முள்ளைப் பார்க்காமல் உதைத்தேன், கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி மூன்று வாரம் பட்டறைக்குப் போகவில்லை. அந்தக் கோபத்தில் வண்டியைக் கொடுத்துவிட்டு, மறு யோசனை இல்லாமல் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. முழங்காலைக் காப்பாற்ற வாங்கினேன், ஆறே மாதத்தில் இடுப்பு போய்விட்டது.

ஏன் என்று மெக்கானிக் புத்தியில் யோசித்தால் புரிகிறது. ஸ்கூட்டரில் உட்காரும்போது கால் முன்னால் இருக்கும், உடம்பின் எடை முழுக்க இடுப்பெலும்பில். பள்ளம் வந்தால் மோட்டார் சைக்கிளில் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றிச் சற்றே எழுந்துகொள்ளலாம், முழங்கால் இரண்டாவது ஷாக் அப்சார்பராக வேலை செய்யும். ஸ்கூட்டரில் அது நடக்காது. அதோடு சின்னச் சக்கரம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் முன்னால் 12 அங்குலம், பின்னால் 10 அல்லது 12 அங்குலம். ஸ்ப்ளெண்டரில் இரண்டும் 18, உங்கள் கிளாசிக்கில் முன்னால் 19, பின்னால் 18. பெரிய சக்கரம் தாண்டிப் போகிற குழியில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும். திண்டுக்கல்லுக்குள் சுற்ற ஸ்கூட்டர் சரி, தினமும் முப்பது கிலோமீட்டர் கிராமத்து ரோட்டில் போக எனக்குச் சரிப்படவில்லை.

ஆனால் ஸ்கூட்டரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இடுப்பு மூட்டு தேய்ந்து, காலைத் தூக்கிச் சீட்டுக்கு மேலே போட முடியாதவர்களுக்கு அதுதான் வழி. குனிந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிடலாம். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, கை விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பெரிய நிம்மதி. எடை 105 முதல் 110 கிலோவுக்குள் நிறையக் கிடைக்கின்றன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஸ்கூட்டர் சீட் தாழ்வு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 765 மி.மீ. என்பது சாதாரணம், அதோடு சீட் அகலம், தரைப்பலகை வேறு காலைத் தள்ளிவைக்கும். என்னிடம் வருகிற அம்மாமார்கள் பலர் நுனிக்காலில்தான் நிற்கிறார்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்கிறீர்கள் என்றால், சிலவற்றில் ரிவர்ஸ் வசதி இருக்கிறது, டிவிஎஸ் ஐக்யூபிலும் ஏத்தரிலும் உண்டு. அதைப் போட்டால் நீங்கள் தள்ளாமலே வண்டி மெதுவாகப் பின்னால் வரும். விளம்பரத்தில் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை, என் கண்ணுக்கு வயதானவர்களுக்கு அதில் உள்ள ஒரே பெரிய சாமான் அதுதான். ஆனால் தேனி போய்வரச் சார்ஜ் கணக்குப் பார்க்கவேண்டும், அது உங்கள் பாடு.

அடுத்தது 100 முதல் 125 சிசி மோட்டார் சைக்கிள். நான் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு இதற்குத்தான் வந்தேன், ஏழாவது வருஷம் ஓடுகிறது. 99 கிலோவில் ஹோண்டா ஷைன் 100, 112இல் ஸ்ப்ளெண்டர் பிளஸ், 113, 114இல் ஷைன் 125. சீட் உயரம் எல்லாம் 785, 790 மி.மீ.தான், ஆனால் சீட் குறுகல் என்பதால் கால் எட்டும். முப்பது வருஷம் ஓட்டின வகை, உங்கள் உடம்புக்கு ஏற்கெனவே தெரியும். இழப்பு என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை, இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ் இருந்தால் போதும் என்று வைத்தார்கள். மழையில் ஆட்டோ குறுக்கே வரும்போது பதறிப்போய் பிரேக்கைப் பிடிக்கிற வயசு நமக்கு. அதனால் எடை குறைகிறதே என்று ஏபிஎஸ்ஸை விட்டுக்கொடுக்க எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. இப்போது 125இலேயே ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் மாதிரி ஏபிஎஸ்ஸோடு வருகிறவை உண்டு, 136 கிலோ. யமஹா எஃப்ஜட் 150 சிசி, அதுவும் 135 கிலோவை ஒட்டி, ஏபிஎஸ் உண்டு. உங்களுக்குத் தேனி ரோடும் இருக்கிறது, பின்னால் வீட்டம்மாவும் இருக்கிறார். என்னைக் கேட்டால் நீங்கள் தேடவேண்டியது இந்த 135 முதல் 160 கிலோவுக்குள்தான். டிவிஎஸ் ரோனின் 225 சிசி, 160 கிலோ, இழுவைக்குக் குறையே இல்லை. எதிலும் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள், ஒருவருக்கு மெத்தையாக இருக்கிற சீட் இன்னொருவருக்குப் பலகை.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, ராயல் என்ஃபீல்டை விட மனம் வராமல் ஹண்டர் 350க்கு மாறுவது. நல்ல வண்டி, 181 கிலோ, சீட் 790. ஆனால் உங்களுக்குக் குறைவது 14 கிலோ, 15 மி.மீ. லெக் கார்டைக் கழற்றி, பாதி டேங்க் பெட்ரோல் போட்டாலே அந்த எடை குறைந்துவிடும், அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்வானேன்? இரண்டாவது, சீட் தாழ்வாக இருக்கிறது என்று குரூசர் வாங்குவது. மீட்டியார் 350இன் சீட் 765 மி.மீ., கால் நன்றாகப் பதியும். எடை 191. கால் முன்னால் நீட்டி இருப்பதால் நான் ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்ன அதே இடுப்புக் கதைதான் ஓரளவுக்கு இங்கேயும். அவெஞ்சர் 220இன் சீட் இன்னும் தாழ்வு, 737, எடை 163. குட்டையானவர்களுக்கு நான் மீட்டியாரைவிட இதைச் சொல்வேன், இடுப்பு ஒத்துழைத்தால்.

உடம்பைப் பற்றி நான் கவனித்ததை மட்டும் சொல்கிறேன். என் வாடிக்கையாளர்களில் 71 வயது விவசாயி ஒருவர் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் புல்லட்டில் ஏறி இறங்குகிறார், அவருக்கு நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. 48 வயதில் முதுகுத் தட்டு விலகி 100 சிசிக்கு வந்தவரும் உண்டு. வருஷக் கணக்கு இதில் ஒத்துவருவதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: சுவர் பக்கத்தில் நின்று, கையை ஊன்றாமல் இடது காலில் மட்டும் பத்து எண்ணும்வரை நிற்க முடிகிறதா? கையை உதவிக்கு வைக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? கழுத்தைத் திருப்பி வலது தோளுக்குப் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க முடிகிறதா? முதல் இரண்டும் ஆட்டம் கண்டால் எடை குறைந்த வண்டி உதவும். மூன்றாவது ஆட்டம் கண்டால் எந்த வண்டியும் உதவாது, பெரிய கண்ணாடி மாட்டி ஓரளவு சமாளிக்கலாம்.

நீங்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுவதாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. வருஷக்கணக்கில் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்வு குறையலாம். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று காலுக்கே தெரியாது. சில பிரஷர் மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். எட்டு மாதத்துக்குள் மூன்று தடவை என்பது, அதற்கு முன்னால் இரண்டு, மூன்று வருஷம் ஒன்றும் இல்லாமல் இருந்தவருக்குத் திடீர் மாற்றம். இது வண்டியா, உடம்பா என்று என் ஸ்டூலிலிருந்து சொல்ல முடியாது. வண்டிக் கடைக்குப் போகிறதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் போய், "கால் உணர்வைப் பாருங்கள், மாத்திரையைப் பாருங்கள், வண்டி மூன்று தடவை விழுந்தது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். கண்ணையும் காட்டிவிடுங்கள். புரை ஆரம்பித்திருந்தால் எதிரே வருகிற ஹெட்லைட் சிதறும், ராத்திரிப் பயணத்தை அதுவரை நிறுத்திவையுங்கள். எடை குறைந்த வண்டி இதில் எதையும் சரிசெய்யாது. லைசென்ஸ் புதுப்பிக்கவும் எப்படியும் டாக்டர் கையெழுத்து வேண்டும். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், 40 தாண்டினாலே படிவம் 1ஏ மருத்துவச் சான்று உண்டு. அதை ஏஜெண்டிடம் காசு கொடுத்து வாங்காமல், நிஜமாகவே பரிசோதித்து வாங்குங்கள்.

கடைசியாக வாங்குகிற முறை. கிளாசிக்கை முதலில் விற்காதீர்கள். தம்பி, மச்சான் யாரிடமாவது 125, 150 சிசி இருந்தால் ஒரு மாதம் மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள், புல்லட் கிடைக்கிறதே! ஷோரூமில் டெஸ்ட் ரைடு எடுத்தால் நேர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்து "அருமை" என்று சொல்லாதீர்கள், நேர் ரோட்டில் எல்லா வண்டியும் அருமைதான். உங்கள் வாசலுக்கு ஓட்டிவரச் சொல்லுங்கள். சரிவில் ஏற்றி இறக்குங்கள். தெருவில் ஒரே மூச்சில் திரும்புகிறதா பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா பாருங்கள், பல புது வண்டிகளில் இல்லை. இருந்தால் போட்டுப் பாருங்கள்: கையால் தூக்கக்கூடாது, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் பட்டதும் உடம்பு எடையை ஸ்டாண்டின் மேல் மிதித்து ஏறி நிற்கவேண்டும், வண்டி தானாக ஏறும். ஏறவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. வீட்டம்மாவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அவர் வசதியாக உட்காராத வண்டியை வாங்கிவிட்டுத் தேனிவரை பேச்சுக் கேட்டுக்கொண்டே போகிறவர்கள் என் வாடிக்கையாளர்களில் இருக்கிறார்கள்.

விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்குவதற்கு வித்தை உண்டு, முதுகை வண்டிப் பக்கம் வைத்துக் குந்தி, காலால் எழுந்து பின்னாலேயே நடக்கவேண்டும். நான் சொல்லித்தருவதில்லை. நம் ஊரில் வண்டி விழுந்தால் பத்து பேர் ஓடிவருவார்கள், சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு அவர்களைத் தூக்கவிடுங்கள்.

சரி, இரண்டு விவரம் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். வாசல் சரிவின் உயரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு? பங்கில் விழுந்தபோது ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, வண்டி எந்தப் பக்கம் விழுந்தது?